ஐ.வி.எஃப். சிகிச்சை: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தொடங்கி டோம்பிவ்லி, கல்யாண் வரை இருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. டாக்டர் பத்து நிமிடத்தில், பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்லி முடிப்பதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம். இந்தச் சிகிச்சையில் பெரும்பாலான மனக்கஷ்டம் இரண்டு இடங்களில்தான் வருகிறது. ஒன்று, ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவது. இன்னொன்று, மணிக்கணக்கு, அதாவது சொன்ன நேரத்துக்குச் சரியாக எல்லாம் நடக்க வேண்டியது. இரண்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

டெஸ்ட் டியூப் பேபி, ஐ.வி.எஃப். இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். உண்மையில் டியூபில் எதுவும் வளர்வதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு தட்டையான பிளாஸ்டிக் கிண்ணத்தில் முட்டையும் விந்தணுவும் சேர்கின்றன. 5 அல்லது 6 நாள் கழித்துக் கரு கருப்பைக்குள் வைக்கப்படுகிறது. மற்ற ஒன்பது மாதமும் எல்லோருக்கும் போலத்தான். உலகின் முதல் ஐ.வி.எஃப். குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை அரசு அதை ஏற்கவில்லை. முறைப்படி ஆவணப்படுத்தப்பட்ட முதல் இந்தியக் குழந்தை பிறந்தது நம் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில், 1986 ஆகஸ்ட் 6 அன்று, டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் குழுவால்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. இப்போதே தேவையா?

பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்ற பிறகும், 35 தாண்டினால் 6 மாதம் முயன்ற பிறகும் பரிசோதனைக்குப் போகலாம். 40-ஐ நெருங்கினால் காத்திருக்கவே வேண்டாம். பரிசோதனைக்குப் போவது வேறு, ஐ.வி.எஃப்.புக்குப் போவது வேறு. கருக்குழாய் திறந்திருந்து, விந்தணு எண்ணிக்கை சுமாராக இருந்தால், மாத்திரையும் ஐ.யு.ஐ.யும் (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) போதுமா என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டு குழாயும் அடைப்பு, விந்தணு மிகக் குறைவு, முற்றிய எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்றது கருப்பைக்கு வெளியேயும் வளரும் நோய்), வயது என்று காரணம் தெளிவாக இருந்தால் நேரே ஐ.வி.எஃப். சொல்வதில் தவறில்லை. எந்தக் காரணத்துக்காக என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

தொடங்கும் முன் என்னென்ன பார்ப்பார்கள்?

மனைவிக்கு ஏ.எம்.ஹெச். (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்), தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ஹீமோகுளோபின், ருபெல்லா. பீரியட்ஸ் வந்த 2 அல்லது 3-ம் நாளில் ஸ்கேன் செய்து, இரண்டு சினைப்பையிலும் எத்தனை குட்டி ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) தெரிகிறது என்று எண்ணுவார்கள். கணவன் மனைவி இருவருக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை) எடுப்பார்கள்.

கணவருக்கு விந்துப் பரிசோதனை. 2 முதல் 7 நாள் இடைவெளிவிட்டுக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ்வரம்பு: ஒரு மில்லியில் 1.6 கோடி, மொத்த அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். '4 சதவீதம்தான் நார்மல்' என்று ரிப்போர்ட்டில் பார்த்து அரண்டுபோகிறவர்கள் நிறைய. அதுவே வரம்பு. ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். காய்ச்சல் வந்து போனால்கூட அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு எண்ணிக்கை குறையும்.

நம் நாட்டில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: டி.பி. இருமலே இல்லாமல் கருக்குழாயிலும் கருப்பையின் உட்சவ்விலும் டி.பி. இருக்கலாம். குழாய் அடைப்புக்கு இங்கே அது முக்கியமான காரணம். இருந்தால் அதற்கான மருந்து முடிந்த பிறகுதான் அடுத்த வேலை. அதேபோல் குழாயில் நீர் கோத்திருந்தால் அந்த நீர் கருப்பைக்குள் இறங்கிக் கருவைக் கெடுக்கும். குழாயை முதலில் எடுக்கவோ கிளிப் போட்டு அடைக்கவோ சொல்வார்கள். 'இருக்கிற குழாயையும் எடுப்பதா' என்று தயங்கி அப்படியே கரு வைத்தால் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

ஏ.எம்.ஹெச். 0.8 என்று வந்திருக்கிறது. முடிந்ததா?

இல்லை. அது முட்டையின் இருப்பைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 1.2-க்குக் கீழே இருந்தால் ஒரு சுற்றில் கிடைக்கும் முட்டை குறைவாக இருக்கும், அவ்வளவே. தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயது. 29 வயதில் 0.8, 41 வயதில் 3.0 என்று இரண்டு பேர் இருந்தால், முதல் பெண்ணின் ஒவ்வொரு முட்டைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஊசி எத்தனை நாள்? நாமே போட்டுக்கொள்ளலாமா?

பொதுவாக 9 முதல் 12 நாள். பீரியட்ஸின் 2 அல்லது 3-ம் நாள் தொடங்கும். முட்டை வளர்க்கும் ஊசி தினம் 150 முதல் 300 யூனிட் வரை. ஐந்தாறு நாள் ஆனதும், முட்டை தானாக வெடித்துவிடாமல் தடுக்கும் இன்னொரு ஊசி, 0.25 மி.கி., சேரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன்.

தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, கீழ்ப்பக்கமாக, தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடுவது. ஊசி மெல்லியது. இன்றைக்கு வலது பக்கம் என்றால் நாளைக்கு இடது. பேனாவாக இருந்தால் பட்டனை முழுக்க அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். சட்டென்று எடுத்தால் முனையில் ஒரு சொட்டு நிற்கும். அந்தச் சொட்டும் மருந்துதான்.

பவுடர் வகையில்தான் தவறு நடக்கிறது. பெட்டியில் இரண்டு புட்டி இருக்கும். ஒன்றில் தெளிந்த நீர், இன்னொன்றின் அடியில் வெள்ளையாகச் சின்ன வில்லைபோல் ஒட்டியிருக்கும் மருந்து. நீரை உறிஞ்சி மருந்துப் புட்டியின் ஓரமாக மெதுவாக விட வேண்டும், குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் கரைந்துவிடும். பிறகு அதை இழுத்துப் போட வேண்டும். பவுடரை மறந்துவிட்டு வெறும் நீரைப் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் நர்ஸ் முன்னால் நீங்களே ஒருமுறை கலந்து காட்டுங்கள்.

ஊசியை ஃப்ரிட்ஜில்தான் வைக்கணுமா?

2 முதல் 8 டிகிரி என்று போட்டிருப்பவற்றை ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும், ஃப்ரீசரில் வைத்தால் மருந்தே போச்சு. சில மருந்துகளில் '25 டிகிரிக்குள் வெளியே வைக்கலாம்' என்று இருக்கும். மும்பையில் மே மாதம் ஒரு சாள் குடியிருப்பில் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? ஃப்ரிட்ஜே பத்திரம். மருந்துக் கடையில் ஐஸ் பேக் கேட்டு வாங்குங்கள். ஐஸில் நேராகப் படாமல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டால் லோக்கல் டிரெயினில் ஒன்றரை மணி நேரம் தாராளமாகத் தாங்கும்.

டிரிகர் ஊசிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

ஏனென்றால் அதிலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இரண்டு மூன்று ஃபாலிக்கிளாவது 17, 18 மி.மீ. தொட்டதும் இந்த ஊசி. உள்ளே இருக்கும் முட்டை கடைசியாக முதிர்ந்து, சுவரிலிருந்து விடுபட்டு மிதக்க 34 முதல் 36 மணி நேரம் தேவை. முன்கூட்டி எடுத்தால் முட்டை பச்சையாக இருக்கும், பிந்தினால் தானே வெடித்து வயிற்றுக்குள் போய்விடும். திங்கள் இரவு 10 மணிக்குப் போட்டால் புதன் காலை 10-க்குள் எடுத்தாக வேண்டும்.

தாமதமாகப் போட்டுவிட்டீர்களா? மறைக்காதீர்கள். 'இரவு 11.40-க்குத்தான் போட்டேன்' என்று உடனே சொன்னால் எடுக்கும் நேரத்தைத் தள்ளி வைக்க முடியும். திட்டுவார்களோ என்று பயந்து 10 மணி என்றே சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. ஃபாலிக்கிள் பத்து தெரிந்தும் முட்டை ஒன்றுகூட வராத சம்பவங்களில் பல, டிரிகர் சரியாகப் போடப்படாததால் நடப்பவை. போட்ட காலிப் புட்டியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் சிகிச்சை வருகிறது. மழையில் டிரெயின் நின்றால்?

நியாயமான பயம். குர்லா, சயான் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் லைன் நின்றுவிடும், ஹிந்த்மாதாவில் டாக்சியும் போகாது. ஸ்கேன் ஒருநாள் தள்ளினால் சமாளிக்கலாம், முட்டை எடுக்கும் நாளைத் தள்ள முடியாது. கல்யாண், அம்பர்நாத் பக்கம் இருப்பவர்கள் முந்தின இரவே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சித்தி வீடோ பெரியம்மா வீடோ, இல்லையென்றால் ஒரு லாட்ஜோ பார்த்துத் தங்கிவிடுங்கள்.

முட்டை எடுக்கும் அன்று என்ன நடக்கும்?

6 மணி நேரம் வெறும் வயிறு. நகை, நெயில் பாலிஷ், சென்ட் எதுவும் வேண்டாம். கையில் ஊசி போட்டு அரைமணி தூக்கம். யோனி வழியாக ஸ்கேன் கருவியை வைத்து, அதோடு இணைந்த மெல்லிய ஊசியால் ஒவ்வொரு ஃபாலிக்கிளாக உறிஞ்சுவார்கள். வயிற்றில் வெட்டு, தையல் கிடையாது. 15, 20 நிமிட வேலை. மாலைக்குள் வீடு. லேசான ரத்தக்கசிவும் பீரியட்ஸ் வலி போன்ற வலியும் இரண்டு நாள் இருக்கும். அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம், கூட ஒருவர் வரட்டும்.

கணவர் கப்பல் வேலையில் இருக்கிறார். அன்றைக்கு அவர் வர முடியாது.

ஊரில் இருக்கும்போதே சாம்பிளை உறைய வைத்துவிடலாம். பக்கத்திலேயே இருப்பவர்களும் அன்று பதற்றத்தில் கொடுக்க முடியாமல் போகும் என்று தோன்றினால் முன்னதாக ஒன்று சேமித்து வைப்பது நல்லது. இது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை, வெகு சாதாரணம். வீட்டிலிருந்து கொண்டுவருவதானால் ஒரு மணி நேரத்துக்குள், சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு வர வேண்டும். சோப்பு, எண்ணெய், ஜெல் படக் கூடாது.

12 ஃபாலிக்கிள் என்றார்கள், கடைசியில் 3 கருதான். ஏமாற்றிவிட்டார்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு சாதாரணக் கணக்கைப் பாருங்கள். ஸ்கேனில் 12 ஃபாலிக்கிள். எல்லாவற்றிலும் முட்டை கிடைக்காது, 10 வரும். அதில் முதிர்ந்தது 8. விந்தணு சேர்த்தபின் கருவாவது 6. ஐந்தாம் ஆறாம் நாள் வரை தாக்குப்பிடித்து பிளாஸ்டோசிஸ்ட் (கருப்பையில் வைக்கத் தயாரான கரு) ஆவது அதில் பாதி, 3. இது நல்ல முடிவு. இயற்கையிலும் இதே வடிகட்டல் நடக்கிறது, நம் கண்ணில் படுவதில்லை. இங்கே தினமும் போன் வந்து எண்ணிக்கை குறைவதால் நெஞ்சு கனக்கிறது.

லேபில் நடப்பது இது. உறிஞ்சிய திரவம் 37 டிகிரி சூட்டிலேயே பக்கத்து அறைக்குப் போகும். எம்ப்ரியாலஜிஸ்ட் (கருவைக் கையாளும் லேப் நிபுணர்) மைக்ரோஸ்கோப்பில் முட்டையைத் தேடி எடுத்து இன்குபேட்டரில் வைப்பார். விந்தணு சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்தில், அதாவது மறுநாள் காலை, முட்டைக்குள் இரண்டு சின்ன வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. மூன்று தெரிந்தால் அந்தக் கரு ஆகாது. மூன்றாம் நாள் 6 முதல் 8 செல். அதுவரை முட்டையின் சேமிப்பிலேயே ஓடுகிறது. அதன்பின் கருவின் சொந்த மரபணு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும், பல கருக்கள் நின்றுபோவது அந்த இடத்தில். மூன்றாம் நாளுக்குமேல் கரு வளராமல் நின்றுபோனால் சில நேரம் விந்தணுவின் டி.என்.ஏ. தரத்தையும் சந்தேகிப்பார்கள்.

இக்சி என்றால்?

வழக்கமான முறையில் ஒரு முட்டையைச் சுற்றிப் பல்லாயிரம் விந்தணுவை விட்டு, தானாக நுழைய விடுவார்கள். இக்சியில் ஒரே ஒரு விந்தணுவைக் கண்ணாடி ஊசியில் எடுத்து முட்டைக்குள் செலுத்துவார்கள். விந்தணு குறைவாக இருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். விந்து நார்மலாக இருப்பவர்களுக்கு இதனால் பெரிய லாபம் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் பல இடங்களில் எல்லோருக்கும் இக்சி என்றாகிவிட்டது.

ரிப்போர்ட்டில் '4 ஏபி' என்று இருக்கிறதே?

எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது, 1 முதல் 6 வரை. முதல் எழுத்து குழந்தையாகப் போகும் செல் கூட்டத்துக்கு, இரண்டாவது நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச் செல்களுக்கு. 'பி' வந்தால் குழந்தைக்குக் குறை என்று அர்த்தமில்லை. பி.ஜி.டி. எனும் குரோமோசோம் பரிசோதனை வெளிச் செல்களில் ஐந்தாறை எடுத்துச் செய்வது. எல்லோருக்கும் தேவையில்லை.

உடனே வைப்பதா, உறைய வைத்துப் பிறகா?

ஊசியால் ஹார்மோன் எகிறியிருந்தால், முட்டை 15-க்குமேல் வந்திருந்தால், உட்சவ்வு தோதாக இல்லாவிட்டால் உறைய வைப்பதே மேல். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும். நல்ல லேபில் உருக்கும்போது நூற்றில் 95 பிழைத்துவிடும். பிறகு ஒரு மாதம் ஈஸ்ட்ரஜன் மாத்திரை, பெரும்பாலும் 2 மி.கி. மூன்று வேளை. உட்சவ்வு 7 மி.மீ. தாண்டியதும் புரோஜெஸ்டிரான், அதாவது கருவைத் தாங்க உட்சவ்வைத் தயார்செய்யும் ஹார்மோன். 5 நாள் முழுதாகக் கழிந்து ஆறாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் வைப்பார்கள். இங்கேயும் மணிக்கணக்கு உண்டு, முதல் வேளை புரோஜெஸ்டிரானைச் சொன்ன நேரத்தில் தொடங்குங்கள்.

கரு வைக்கும்போது வலிக்குமா?

வலிக்காது, மயக்கமும் கிடையாது. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், அதுதான் ஒரே அவஸ்தை. ஸ்கேன் திரையில் மெல்லிய குழாய் உள்ளே போவதும், நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று விழுவதும் தெரியும். அது கருவோடு போகும் காற்றுக்குமிழி. முடிந்ததும் சிறுநீர் கழிக்கலாம், கரு வெளியே வராது.

மாமியார் பதினைந்து நாள் எழுந்திருக்கவே கூடாது என்கிறார்.

அன்பில் சொல்கிறார், ஆனால் பலன் இல்லை. படுத்தே இருப்பதால் வெற்றி கூடுவதில்லை என்பது பல ஆய்வுகளில் பார்த்த விஷயம். சமைக்கலாம், ஆபீஸ் போகலாம், மாடிப்படி ஏறலாம். தண்ணீர்க்குடம், ஜிம், நெரிசல் நேர விரார் ஃபாஸ்ட் வேண்டாம். பப்பாளி, அன்னாசி பற்றிய தகராறை வீட்டில் வளர்க்க வேண்டாம், இரண்டு வாரம் தின்னாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. தவறவே கூடாதது புரோஜெஸ்டிரான். உள்ளே வைக்கும் மாத்திரை வெள்ளையாகக் கசியும், அது சகஜம். லேசாக ரத்தம் கண்டாலும் நீங்களே நிறுத்தாதீர்கள்.

வீட்டில் கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கிப் பார்க்கலாமா?

வேண்டாம். ஹெச்.சி.ஜி. (கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்) வகை டிரிகர் போட்டிருந்தால் அதன் மிச்சமே பத்துப் பதினாலு நாள் வரை இரண்டு கோடு காட்டலாம். கரு வைத்து 10 முதல் 14 நாளில் ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி. 5-க்குக் கீழே என்றால் இல்லை. 25 தாண்டினால் நல்லது, ஆனால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து நன்றாக ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இதயத்துடிப்பு தெரிய இன்னும் இரண்டு, மூன்று வாரம். ஐ.வி.எஃப்.பிலும் கரு குழாயில் தங்கலாம் என்பதால் அந்த ஸ்கேனைத் தவிர்க்கக் கூடாது.

இரண்டு கரு வைத்தால் நல்லதுதானே? செலவோடு செலவாக இரட்டை.

இரட்டை என்றால் குறைப்பிரசவம், பி.பி., சர்க்கரை எல்லாம் கூடும். என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) ஒரு மாதம் என்றால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும். இளம் வயது, நல்ல பிளாஸ்டோசிஸ்ட் என்றால் ஒன்றே போதும்.

எப்போது அவசரமாக ஓட வேண்டும்?

சினைப்பை அளவுக்குமீறித் தூண்டப்பட்டால் (இதற்குப் பெயர் ஓ.ஹெச்.எஸ்.எஸ்.) ரத்த நீர் வயிற்றில் இறங்கும். பி.சி.ஓ.எஸ். (சினைப்பையில் நிறைய குட்டி ஃபாலிக்கிள் இருக்கும் நிலை) உள்ளவர்களும் ஏ.எம்.ஹெச். அதிகம் உள்ளவர்களும் ஜாக்கிரதை. வயிறு பானைபோல் இறுகுவது, ஒரே நாளில் ஒரு கிலோவுக்குமேல் எடை கூடுவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்றும் பார்க்காமல் போக வேண்டும். முட்டை எடுத்தபின் 38 டிகிரிக்குமேல் காய்ச்சல், மணிக்கு ஒரு பேட் நனைவது, ஒரு பக்கம் சுருட்டிப் பிடிக்கும் வலி இருந்தாலும் அப்படியே. டிரிகர் வகையை மாற்றி, எல்லாக் கருவையும் உறைய வைப்பதால் இந்த ஆபத்து இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

போர்டில் '80 சதவீத வெற்றி' என்கிறார்களே?

எதில் 80 என்று கேளுங்கள். பீட்டா பாசிட்டிவிலா, இதயத்துடிப்பிலா, கையில் குழந்தையிலா? எந்த வயதில்? சொந்த முட்டையில் 35-க்குள் ஒரு நல்ல பிளாஸ்டோசிஸ்ட் வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று முதல் பாதி வரை. 40, 42-ல் பத்தில் ஒன்று அல்லது சற்று அதிகம். 44 தாண்டினால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

செலவு?

தனியாரில் ஒரு சுற்று சுமார் ஒன்றரை முதல் இரண்டரை லட்சம். மருந்து உள்ளடக்கமா, உறைய வைப்பதும் ஆண்டு வாடகையும் சேர்ந்ததா, அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு (மறுபடி கரு வைப்பதற்கு) தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். பாதியில் சுற்று நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் சங்கடம். பெரும்பாலான இன்சூரன்ஸில் இது வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2021-ம் ஆண்டு ஏ.ஆர்.டி. (உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப) சட்டப்படி பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரை. கிளினிக் பதிவு செய்திருக்க வேண்டும். லெவல் 1 பதிவு ஐ.யு.ஐ.க்கு மட்டும், ஐ.வி.எஃப். செய்ய லெவல் 2 வேண்டும். சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் தரலாம். கருவை 10 ஆண்டு வரை வைத்திருக்கலாம். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பது குற்றம், செய்து தருகிறேன் என்பவரிடம் நிற்காதீர்கள். சம்மதப் படிவம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் யாராவது படித்துச் சொன்ன பிறகே கையெழுத்து.

நெகட்டிவ் ஆகிவிட்டது. ஊருக்குப் போய் அங்கே தொடரலாமா?

மருந்தை நிறுத்திய சில நாளில் பீரியட்ஸ் வரும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ஒன்றிரண்டு மாதம் விட்டு மறுபடி தொடங்கலாம். உறைந்த கரு மீதம் இருந்தால் ஊசி, முட்டை எடுப்பது எதுவும் திரும்ப வேண்டாம். உங்கள் கருவை வேறு ஊர் கிளினிக்குக்கு மாற்ற அந்தச் சட்டப்படியான தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும், அதனால் மீதக் கரு இருந்தால் இங்கேயே முடித்துவிட்டுக் கிளம்புவது சுலபம். எதுவும் மீதமில்லை, திருநெல்வேலிக்கோ சென்னைக்கோ போகிறீர்கள் என்றால் டிஸ்சார்ஜ் தாள் மட்டும் போதாது. தினம் போட்ட மருந்தின் அளவு, ஸ்கேனில் ஃபாலிக்கிள் அளவுகள், டிரிகர் வகையும் நேரமும், எடுத்த முட்டை, முதிர்ந்தது, கருவானது, பிளாஸ்டோசிஸ்ட், கிரேடு, வைத்த அன்று உட்சவ்வின் தடிமன் எல்லாம் உள்ள எம்ப்ரியாலஜி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். புது டாக்டர் முதலில் புரட்டப் போவது அந்தத் தாளைத்தான்.